நிரம்பிய வரிசை

சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அவற்றிலேயே படுமோசமானது மேலாளருடையது.

"மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா. எல்லாம் சரியாயிடும்."

"ஆஃப் பண்ணா உள்ள இருக்கறது மொத்தமும் போயிடும் சார். யாரும் கையை வைக்காதீங்க" என்றாள் அவள்.

அந்தக் கணினியில் ஓடும் நிரல்களை எழுதியவள் அவள்தான். சுரங்கம் சரிந்தபோது ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் மேலே வந்துவிட்டிருந்தார்கள், பம்பைச் சரிபார்க்கத் தனியாக இறங்கிய எலக்ட்ரீஷியனைத் தவிர. அந்த எலக்ட்ரீஷியன் அவளுடைய தம்பி. அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

கீழே பாதை இடம், வலம் என்று பிரிகிறது. பம்பு இரண்டு கிளையிலும் உண்டு. எதை முதலில் பார்க்கப் போனான் என்று யாருக்கும் தெரியாது. துளைபோடும் இயந்திரமோ ஒன்றே ஒன்று. தவறான பக்கம் துளைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் அதற்குள் காற்று தீர்ந்துவிடும். மீட்புக்குழுத் தலைவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இடமா, வலமா என்று அவள் சொல்ல வேண்டும்.

இறங்குகிறவர் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கருவி இருக்கும். அது அவ்வப்போது தானாகவே தன் எண்ணோடு 'நலம்' என்று மட்டும் அனுப்பும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் 'உதவி' என்பதோடு எந்தக் கிளை என்பதும் சேர்ந்து வரும். மேலே ஒரு நிரல் இவற்றை வாங்கி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு வரிசையில் போடும். இன்னொரு நிரல் எடுத்துத் திரையில் காட்டும். எடுக்கிற நிரல் செத்தாலும் வரிசையில் இருப்பவை பத்திரமாக இருக்கும், மெஷினை அணைக்காதவரை. இன்று எடுக்கிற நிரல் காலையிலேயே படுத்துவிட்டது. கடைசியாக வந்த 'நலம்' திரையில் பச்சையாகவே நின்றதால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

"ஒண்ணொண்ணா எடுக்கறேன். எடுத்ததும் வரிசையை விட்டுப் போயிடும், பார்த்துக்குங்க" என்று ஆரம்பித்தாள்.

நலம். நலம். நலம்.

"அது என் நம்பரு" என்றார் பின்னால் நின்ற தொழிலாளி ஒருவர், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. அடுத்தது அவர் பக்கத்தில் நின்றவருடையது. எல்லாமே மேலே வந்து சேர்ந்தவர்களின் காலை நேரத்து நலம். வரிசை காலியானது. தம்பியுடையது அதில் ஒன்றுகூட இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வரிசையில் இடம் கொஞ்சம்தான். நிரம்பினால் அனுப்புகிற நிரல் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடுமே என்று பயந்து, இடமில்லாவிட்டால் வந்த செய்தியை எறிந்துவிட்டு அடுத்ததைப் பார் என்று எழுதியிருந்தாள். 'உதவி'க்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறோமே என்று தைரியமாகவும் இருந்தாள். உள்ளே வந்தால் அது முதலில் நிற்கும். உள்ளே வரவே இடமில்லாதபோது முன்னுரிமை எந்த மூலைக்கு? எத்தனை எறியப்பட்டன என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தது. என்னென்ன என்பது இல்லை. தம்பி முன்பே அழுத்தியிருந்தால் அந்த 'உதவி'யும் அதில்தான் போயிருக்கும்.

அப்போது திரையில் ஒரு வரி வந்தது. தம்பியின் எண். நலம்.

"உயிரோட இருக்காரும்மா" என்றார் மேலாளர்.

"அது தானா அனுப்பறது சார். பேட்டரி இருக்கற வரைக்கும் அனுப்பும். இடுப்புல கட்டியிருக்கறவன் எப்படி இருந்தாலும் அனுப்பும்."

இப்போது வரிசையில் இடம் தாராளமாக இருந்தது. ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும். "அழுத்துடா, அழுத்தித் தொலைடா" என்று முணுமுணுத்தாள். வந்தது நலம். மறுபடியும் நலம்.

மீட்புக்குழுத் தலைவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அழுத்த முடிஞ்சா இந்நேரம் அழுத்தியிருப்பாரு. பாறை எந்தப் பக்கம் இளக்கமா இருக்கோ அந்தப் பக்கம் போறோம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் போன் அடித்தது. அம்மா.

"அவன்கிட்டேருந்து ஏதாவது வந்துச்சாடி?"

"வந்துக்கிட்டேதாம்மா இருக்கு."

"என்ன சொல்றான்?"

திரையில் இருந்ததை அவள் படித்தாள்.

"அப்பாடா" என்றாள் அம்மா. "மேல வந்ததும் என்கிட்ட பேசச் சொல்லு."