அரை விறகுச் சூடு

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளையின் பாதத்தைக் கனகேஸ்வரி தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கால் குளிருது."

குடையை மடக்கியபடி உள்ளே வந்த அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா நம்பவில்லை. கல்லூரியில் பாடம் எடுக்கப் போகுமுன் தாமே சூடாக நிரப்பி, துணி சுற்றி, பிள்ளையின் இருபுறமும் வைத்த போத்தல்கள் அல்லவா?

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபின் வெள்ளவத்தையில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்த கனகேஸ்வரிக்காக அவர்கள் தங்கிவிட்டார்கள். "பிள்ளை குளிர்ந்தால் தப்பாது" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சியும் ஊருக்கு ரயிலேறிவிட்டாள். அடைமழையில் விறகெல்லாம் ஊறிப்போக, காய்ந்தது ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது.

அதனால்தான் இன்று காலை தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயை அடுப்பிலேற்றினார். பாதி விறகிலேயே வெப்பமானி வழக்கமான கோட்டைத் தொட்டது. கனகேஸ்வரியின் தமக்கை இரத்தினம்மா சிரித்தாள்.

"எண்ணெய் அயல்வீட்டுக்காரி மாதிரி வாத்தியார், கூப்பிட முந்தி வந்து நிக்கும். தண்ணியெண்டால் சம்பந்தி வீட்டார். வெத்திலை வைச்செல்லோ கூப்பிட வேணும்!"

"கோடு ஒண்டுதானே மச்சாள். சூடும் ஒண்டுதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

இப்போது துணியை விலக்கிப் போத்தலைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. தண்ணீர்ப் போத்தலென்றால் அவர் திரும்பும்வரை கதகதப்பு விட்டுப்போனதில்லை.

தன்வெப்பம்: ஒரே அளவு சூடேற ஒவ்வொரு பொருளும் வாங்கிக்கொள்ளும் வெப்பம். ஆண்டாண்டாகக் கரும்பலகையில் எழுதும் சொல். எண்ணெய்க்கு ஏறக்குறைய தண்ணீரின் பாதி என்று எத்தனை பிள்ளைகளைக் கணக்குப் போடவைத்திருக்கிறார்! வெப்பமானி பொய் சொல்லவில்லை. எவ்வளவு சூடு என்றுதான் அது சொன்னது. எவ்வளவு வெப்பம் உள்ளே போயிருக்கிறது என்று அதனிடம் யார் கேட்டது? விறகில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவர் பிள்ளையின் உடம்பில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். அழையாமல் வந்த அயல்வீட்டுக்காரி சொல்லாமலே எழுந்து போய்விட்டாள்.

கனகேஸ்வரி சட்டையைத் தளர்த்திப் பிள்ளையை வெறும் மார்போடு அணைத்துச் சேலையால் மூடிக்கொண்டாள்.

அவர் பானை நிறையத் தண்ணீர் மொண்டு அடுப்பில் வைத்தார். இருந்த விறகு எரிந்து தீர்ந்தது. முன்னறையிலிருந்து தாம் உட்காரும் கதிரையைக் கொண்டுவந்து அதன் காலை முறித்தார்.

"ஐயோ வாத்தியார், கதிரையையோ?" என்ற இரத்தினம்மா, மறுகணம் தானே அடுத்த காலைப் பிடித்து இழுத்தாள்.

வார்னிசு பூசிய மரம் படபடத்து எரிந்தது. உள்ளே பிள்ளை முனகியது. பிறகு அதுவும் கேட்கவில்லை. இருவரும் பானைக்குள் குனிந்து பார்த்தார்கள். தீ சுற்றிலும் நின்று நக்க, தண்ணீர் இன்னும் அசையாமல், அவர்கள் முகங்களைக் காட்டிக்கொண்டு கிடந்தது.