பதினோராவது எபிசோடில் ஒரே ஒரு அடி

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் சிம்பல்ஸ் வாசிக்கிறேன். இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். "கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல எனக்கு ஒருநாள்கூட ஜால்ரா அடிச்சதில்ல, ஊருக்குப் போய் அடிக்கிறா" என்று என் கணவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். வாரம் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்குக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வேண்டாமா?

எனக்கு இந்தச் சங்கீதப் பைத்தியம் பிடித்ததே கொரியன் சீரியலால்தான். ஒரு தொடரின் பதினோராவது எபிசோடில், மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற கதாநாயகியிடம் கதாநாயகன் வருவான். பேச்சே கிடையாது. பின்னணியில் ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதி முழுசாக ஓடும்; இருவரின் சின்ன வயசுக் காட்சியும் அதிலேயே வந்துபோகும். அவன் குடையை விரிக்கும் அதே நொடியில் சிம்பல்ஸில் 'ஜங்' என்று ஒரு அடி. முதல் தடவை பார்த்தபோது, மடிக்க எடுத்த துணியை மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அதே சிம்பொனியை இந்த ஆர்கெஸ்ட்ரா வாசிக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். காலியாக இருந்தது இந்த ஒரு இடம்தான்.

அந்தப் பகுதியில் எனக்கு வேலை ஒரே ஒரு அடி. அதுவரை தாளத்தை எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். எண்ணினால் இசை உள்ளே இறங்காது. இசை இறங்கினால் எண்ணிக்கை போய்விடும். ஒத்திகையில் இரண்டு முறை கோட்டை விட்டேன். கையில் குச்சியை ஆட்டி எங்களை நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் குச்சிக்காரர். "இன்னொரு தடவை தப்பினா தட்டை என் மச்சினன் கையில குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு எண்ணுவதை விட்டேன். அந்த எபிசோடை மனதில் ஓட்டினேன். குடை விரியும், அடிப்பேன். பிறகு தவறவே இல்லை. பக்கத்தில் டிராம்போன் வாசிக்கும் பல் டாக்டருக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியும்.

கச்சேரி அன்று, மைக்கைப் பிடித்த சிறப்பு விருந்தினர் லேசில் விடவில்லை. இடைவேளையில் குச்சிக்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"ஆறு மணிக்கு ஹாலைக் காலி பண்ணணுமாம். மெதுவான பகுதியில ரெண்டு தடவை வாசிக்கிற இடத்தை ஒரே தடவை வாசிச்சுட்டு நேரா மேல போயிருங்க."

மற்றவர்கள் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றார் பல் டாக்டர்.

"அந்த இடத்தை முதல் தடவை வாசிக்கிறப்பதாண்ணே சின்ன வயசுக் கதை. ஸ்கூல் வாசல்ல அவ அவனுக்குக் குடை குடுப்பா. ரெண்டாவது தடவையிலதான் அவன் பெரியவனாகி வந்து அவளுக்குக் குடை புடிப்பான். இப்ப சின்ன வயசையே வெட்டிட்டாரு! முன்னப் பின்னத் தெரியாதவகிட்ட அவன் எதுக்கு வரணும்? அவன் வரலைன்னா நான் எப்படி அடிக்கிறது?"

அவர் டிராம்போனைத் துடைத்தபடி யோசித்தார். "நனைஞ்சுக்கிட்டு நிக்கிறால்ல? அது போதாதா? தெரிஞ்சவளா இருந்தாத்தான் குடை புடிக்கணுமா என்ன?"

நாற்பது தடவை பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. அதையே யோசித்துக்கொண்டு மேடை ஏறினேன்.

வாசிப்பு தொடங்கியது. இந்தத் தடவை அவனை அவளுக்குத் தெரியாது. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நனைகிறாள். அவன் எதிர்ப்பக்கம் நின்று தயங்குகிறான். வாடா, வந்து தொலைடா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வந்தான். விரித்தான். அடித்தேன்.

கடைசி வரிசைவரை போன சத்தம் திரும்பி வந்து என் நெஞ்சுக்குள் இறங்கியது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை. குச்சிக்காரர் எனக்குத் தலையாட்டிவிட்டு டிராம்போன் பக்கம் கையை நீட்டினார். டிராம்போன் வரவில்லை. பல் டாக்டர் அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் முடிந்ததும் குச்சிக்காரர் அவர்மேல் பாய்ந்தார். "இருபது வருஷமா வாசிக்கிறீங்க, இப்படியா மானத்தை வாங்குவீங்க? உங்க இடத்துக்கு வேற ஆள் பாக்கவா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் இடம் அப்போதுதான் பிழைத்திருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை.

"அவரைத் திட்டாதீங்க சார். கதை சொல்லிக் கெடுத்தது நான்தான்" என்று எபிசோடு, குடை, எண்ணாமல் நின்றது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டும்போதே, தட்டுகள் மச்சினன் கைக்குப் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்போ நீ எண்ணவே இல்லையா?"

"இல்ல சார்."

பல் டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "அவன் வராமலே போயிருவானோன்னு பயந்துட்டேன் சார்."

குச்சிக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குச்சியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அடுத்த கச்சேரிக்கு ஏதாவது சிரிப்புக் கதையா பாத்து வைம்மா. இவர் தாங்கமாட்டார்."