அடிபிடித்த பால்

என் தம்பிக்கு வயது நாற்பது. மனசுக்கு என்றும் பத்துதான். அம்மா போன பிறகு, இவனைப் போன்றவர்களைத் தனியாக வாழப் பழக்கும் ஓர் அமைப்பு அவனுக்கு ஒற்றை அறை வீடு ஒதுக்கியது. கூடவே பழக்கித் தர ஒரு பெண்ணையும் அனுப்பியது. அவளை அவன் 'மிஸ்' என்பான்.

மிஸ் எதையும் செய்து தரமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "நீங்களே பண்ணுங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேடிக்கை பார்க்க ஒரு சம்பளமா? ஆனால் நான் தலைகீழாக நின்றும் நடக்காததை அவள் சும்மா நின்றே நடத்திக் காட்டினாள். பால் காய்ச்சினான், துணி துவைத்தான், பஸ் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்மாவுக்குப் பிறகு அவனை அப்படி நின்று பார்த்தவர்கள் யாருமில்லை. நான் போனால் பாதி நேரம் பெருக்குவேன், மீதி நேரம் திட்டுவேன்.

"சூப்பர்! அடுத்த மாசத்துலேருந்து நான் வரவே வேணாம்," என்றாள் ஒருநாள் பெருமையாக.

அந்த வாரமே பால் அடிபிடித்தது. அடுத்து, மூடாத குழாயால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகியது. மிஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

அமைப்பின் அதிகாரி வந்தார். "இனிமே தனியா விடறது ஆபத்தும்மா. விடுதிக்கு மாத்திடலாம். அங்க அவங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க, பழக்கித் தர இந்தப் பொண்ணு அங்க வர வேண்டியிருக்காது," என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அடுப்பை நினைத்து நானும் சரியென்றேன்.

வீட்டைக் காலி செய்யும்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, எனக்கு எல்லாம் தெரியும்க்கா. சும்மாதான் அப்படிப் பண்ணேன்."

"ஏன்டா பாவி?"

"எனக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னா மிஸ் வரமாட்டாங்கல்ல?"

அதிகாரிக்குப் போன் போட்டேன். வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். கெஞ்சினேன், கத்தினேன், காலில் விழாத குறை. ஒன்றும் நடக்கவில்லை.

வழியனுப்ப வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மிஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளருகே போய்க் குனிந்தான்.

"அழாதீங்க மிஸ். அங்க போயி இன்னும் நிறைய தப்பு பண்றேன். நீங்க தினமும் வரலாம்."