மேஜைக்கு எதிரே ஒருத்தி

பெரார்கஞ்சில், யுத்த காலத்தில் தீவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் தங்கியிருந்த பங்களாவை அறுபத்திரண்டில் பிரித்தபோது, பலகைச் சுவருக்குப் பின்னால் அந்தப் படம் கிடைத்தது. ஓவர்சியர் சிவஞானம் அதை டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி போட்டு, சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டினார்.

மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் தடவி, தாளில் ஒற்றிய படம். மழையில் குடையோடு ஒருத்தி. யாரோ கூப்பிட்டதுபோல் கழுத்தை மட்டும் திருப்பியிருந்தாள். வெள்ளை பூசிய முகம். நெற்றிக்கு மேலே ஊதாத் துணி.

"அந்தக் கழுத்தைப் பாரேன்" என்பார் சிவஞானம். ரசத்தில் உப்பில்லாததுகூட அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் தன்னை ஒரு முறை அப்படிப் பார்த்திருக்கலாம் என்றிருந்தது சந்திரமதிக்கு.

பக்கத்து வீட்டுக் கிரேசி தூத்துக்குடிக்காரி. வாய் சும்மா இராது.

"என்னக்கா, உங்க சக்களத்தி சாப்பிட்டாளா?"

"அவ எங்க சாப்பிடறா. அவளைப் பார்த்தே இங்க ஒருத்தருக்கு வயிறு நிறையுது."

"தூக்கிக் கடல்ல போடுங்க. பஸ், கதம். அத்தோட முடிஞ்சுது."

மறுநாள் சாப்பாட்டின்போது சந்திரமதி கேட்டாள். "அவளை வேற எங்கயாவது மாட்டக்கூடாதா?"

சிவஞானம் சிரித்தார். "அவளா? ஆம்பளைடி அது. கபுகின்னு ஜப்பான் நாடகம். பொம்பளை வேஷமும் ஆம்பளைதான் கட்டுவான், நம்ம ஸ்திரீபார்ட் மாதிரி. மழிச்ச முன்னந்தலையை மறைக்கத்தான் அந்தத் துணி. கல்கத்தா மியூசியம்காரர் ஒருத்தர் வந்தப்போ சொன்னார். இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தே?"

அவளும் சிரித்துவைத்தாள். பாத்திரம் கழுவும்போது பொறாமை முன்னைவிட அதிகமாயிருந்தது. அழகாகப் பிறந்தவள் என்றால் விட்டுவிடலாம். இவன் பழகிக் கற்றிருக்கிறான்.

அவர் ஆபீஸ் போனபின் படத்துக்கு முன்னால் நின்று, அதேபோல் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். முதலில் தோளும் கூடவே திரும்பியது. தோளை அடக்கினால் இடுப்பு திரும்பியது. கழுத்து மட்டும் திரும்பப் பல நாள் ஆயிற்று. முகத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை. சிவஞானம் மேஜையில் காப்பியோடு இருந்தார். அவள் குடையை விரித்துப் படியிறங்கினாள்.

"வர்றப்போ வெத்திலை வாங்கிட்டு வா."

நின்றாள். தோள் அசையாமல் கழுத்தைத் திருப்பி, முகத்தைத் தாழ்த்தி, அப்படியே இருந்தாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அவளையே பார்த்தார்.

"என்ன, கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

அவள் குடையை மடக்கினாள்.

"ஆமாம்."

அவளைப் படத்துக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தைலம் தேய்த்துவிட்டார். பொறுமையாகத்தான் தேய்த்தார். அவர் கண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொன்னபின் திரும்பிப் பார்க்கவும் முடியாது.