சங்கத் தலைவரின் புல்வெளி

பாதாம் தோப்பை வெட்டிக் கட்டிய குடியிருப்பு அது. வெட்டப்பட்ட மரவகைகளின் பெயர்களையே தெருக்களுக்குச் சூட்டியிருந்தார்கள். கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில், மெர்செட் நகரின் விளிம்பில், 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சூரியன் எழுமுன்னரே லீலண்ட் சில்வெய்ரா முதுகில் சாயந்தெளிக்கும் கலனைக் கட்டிக்கொண்டு அத்தெருக்களுள் ஒன்றில் இறங்கிவிட்டார்.

காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிப்பது அவ்வட்டாரத்தில் அப்போது யாருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை. தெருவில் பாதி வீடுகளை வங்கிகள் ஜப்தி செய்துவிட்டிருந்தன. சம்பளச் சான்றைக்கூடக் கேட்காமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்த அதே கனவான்கள், இப்போது வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார்களேயன்றி, வாசலில் கருகும் புல்லுக்கு ஒரு குடம் நீர் ஊற்ற ஆள் அனுப்பவில்லை. ஒரு வீடு பாழடைந்தால் அதன் இருபுறத்து வீடுகளும் விலை இழந்தன. விலை இழந்ததும் அவற்றில் இருந்தவர்களும் கடனைக் கைவிட்டு வெளியேறினார்கள். ஆகவே எஞ்சியிருந்தோர் ஒன்றுகூடி, ஆளில்லாத வீடுகளுக்கு ஆளிருக்கும் தோற்றத்தை உண்டாக்கினார்கள். தங்கள் கார்களைக் கொண்டுபோய் அவற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பண்டிகை வந்தால் அவற்றின் கதவுகளில் மலர்வளையம் மாட்டினார்கள். புல்லுக்குச் சாயம் அடித்தார்கள். இவ்வளவுக்கும் யோசனை சொன்னவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் லீலண்ட் சில்வெய்ராதான்.

அன்று காலை, சங்கத்தார் எவரும் எழுந்து வருவதற்குள், அவர் முதலில் சாயம் அடித்தது தம் வீட்டுப் புல்லுக்கு.

அந்தப் புல் இளவேனிலிலேயே செத்துவிட்டிருந்தது; அன்றுமுதல் எவரும் எழுமுன்னே அவர் அதற்குச் சாயம் அடித்துவந்தார். அவர் மேலாளராயிருந்த அறைகலன் கடை மூடப்பட்டு, வேலை போனபின், முதலில் கடன் தவணையும் பிறகு புல்லுக்கான தண்ணீரும் நின்றன. மனைவி ஒடெட்டுக்கு இரண்டுமே தெரியாது. பள்ளி உணவகத்தில் வேலை பார்த்த அவள், இருட்டில் புறப்பட்டுக் களைத்துத் திரும்புவாள். முப்பதாண்டுக் குடித்தனத்தில் வீட்டுக் கணக்கை அவள் ஒருநாளும் கேட்டவளல்லள். கடைக்கு இப்போது மதியத்துக்குமேல் போனால் போதும் என்று அவர் சொன்னதை நம்பினாள். கதவில் ஒட்டப்பட்ட ஏல அறிவிப்பை அவள் வருமுன்னே அவர் கிழித்தெடுத்துவிட்டார்.

ஏலம் வியாழக்கிழமை முடிந்துவிட்டது. நீதிமன்றப் படிக்கட்டில் ஓர் இளைஞன் மளிகைச் சாமான் படிப்பதுபோல முகவரிகளைப் படித்துக்கொண்டே போனான். கருப்புக் கண்ணாடி அணிந்து கொடிக்கம்பத்தின் பின்னால் நின்ற லீலண்ட், தம் வீட்டு எண்ணைக் கேட்டார். கேட்போர் இல்லை, வீடு வங்கிக்கே போயிற்று. அந்த இளைஞன் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டான். அன்று மாலை ஒடெட் கீரை சூப் வைத்திருந்தாள். அவர் உண்டு, நன்றாயிருக்கிறது என்று பாராட்டவும் செய்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளியன்று நினைத்தார். சனிக்கிழமைப் பேருந்து வந்து போகட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தார்.

அந்தப் பேருந்து, ஜப்தி வீடுகளை வாங்க விரும்புவோரை ஊர் ஊராக ஏற்றிச் சென்று காட்டும் தரகருடையது. காப்பியும் சர்க்கரை வடையும் இலவசம். கடலோர நகரங்களிலிருந்து பணக்காரர்கள் அதில் வருவார்கள். தெருவில் மூன்று வீடுகள் அன்றைய பட்டியலில் இருந்தன. நல்ல விலைக்கு விற்றுவிட்டால் மற்ற வீடுகளும் பிழைக்கும் என்று சங்கத்தார் நம்பினார்கள். எல்லாரும் வாசலில் நின்று கையசைக்க வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. ஒடெட் தன் பங்குக்கு, அவள் பாட்டன்மார் அசோர்ஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்த இனிப்பு ரொட்டியைச் சுடுவதாக ஏற்றுக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் எதிர்வீட்டு வாண்டா டூமி காப்பிக் கோப்பையுடன் வந்து நின்றாள்.

“தலைவரே, உங்க வீட்டுப் புல்லு மட்டும் எப்படிங்க இப்படி ஜொலிக்குது? எங்களுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லக் கூடாதா?”

“கவனிப்புதான், வாண்டா. வேற என்ன?”

“கவனிக்கிறதுன்னா என் புருஷனைத்தான் முப்பது வருஷமா கவனிக்கிறேன். அது வழுக்கையாத்தானே போச்சு!”

அவர் சிரித்தார். சாயம் காயும்வரை ஒரு சொட்டு நீரும் படக்கூடாது என்பது மட்டுமே அவர் நினைவில் இருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததில் நிம்மதி கொண்டார்.

பேருந்து வந்தது. எல்லாரும் கையசைத்தார்கள். வாண்டா அவரை முழங்கையால் இடித்தாள்.

“டிரைவர் யாருன்னு பாருங்க.”

லீலண்ட் பார்த்தார். அசைத்த கை அந்தரத்தில் நின்றது. சக்கரத்தின் பின்னால் அமர்ந்திருந்தவர் ரெஃபூஹியோ பர்ரகான்.

பர்ரகான் அடுத்த வீட்டுக்காரராக இருந்தவர். கட்டடவேலை நின்றுபோனதால் முந்தைய ஆண்டு தவணை கட்ட முடியாமற்போனவர். அவர் வீட்டுப் புல்தான் தெருவில் முதன்முதலாகக் காய்ந்தது. சங்கக் கூட்டத்தில், அவரை எதிரில் வைத்துக்கொண்டே, லீலண்ட் எழுந்து நின்று பேசினார்: “வீட்டைக் காப்பாத்த முடியலைன்னா போகட்டும். புல்லுக்குத் தண்ணியாவது ஊத்தலாமில்ல? மானம்னு ஒண்ணு இருக்கே!” கூட்டம் சிரித்தது.  பர்ரகான் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே போனார். சில நாட்களில் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு குடும்பமே போய்விட்டது.

பேருந்து நின்றதும் அவருடைய பழைய வீட்டின் முன்னால்தான். பட்டியலில் அது முதல் வீடு. தரகர் மார்லா ஹென்ஷா ஒலிபெருக்கியுடன் இறங்கினாள். பின்னாலேயே இருபதுபேர் இறங்கினார்கள். பர்ரகான் கடைசியில் இறங்கி, வண்டியின்மேல் சாய்ந்து நின்றார். லீலண்டைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். அதில் பகையுமில்லை, உறவுமில்லை.

“எவ்வளவு அழகான தெரு, பாருங்க! எல்லாரும் குடும்பமா இருக்கிறவங்க. ஜப்தி நடந்த இடம் மாதிரியா தெரியுது?” என்று மார்லா தொடங்கினாள்.

அப்போது லீலண்டின் முதுகுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் ஓசை எழுந்தது.

அவ்வோசையை அவர் மூன்று மாதமாகக் கேட்கவில்லை. திரும்பினார். அவருடைய புல்வெளியின் நான்கு மூலைகளிலும் நீர்த்தெளிப்பான்கள் தலைதூக்கிச் சுழன்றுகொண்டிருந்தன. அவர் மூடிவைத்திருந்த குழாயை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். காயாத சாயம் நீரில் கரைந்தது. மழைபார்க்காத இறுகிய மண் நீரை உள்ளே விடவில்லை. பசுமை முழுவதும் வழிந்து, நடைபாதையில் இறங்கி, சரிவைத் தேடி அடுத்த வீட்டின் முன்னால் ஓடி, பேருந்தின் சக்கரங்களுக்கிடையே தேங்கியது. அது போன இடத்தில் வைக்கோல் நிறத்தில் புல் தலைகாட்டிற்று.

“ஐயோ, என் ஷூ!” என்று வெள்ளைக் காலணி அணிந்த பெண் ஒருத்தி துள்ளினாள்.

மார்லா அசரவில்லை. “பயப்படாதீங்க, புல்லுக்கு அடிக்கிற சாயம்தான். இதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க, உங்களுக்கு உதவும். எந்த வாசல்ல சாயம் ஓடுதோ அது வங்கி வீடு. குடியிருக்கிறவன் சாயம் அடிக்க மாட்டான், தண்ணி ஊத்துவான். சரி, இது எந்த வீட்டுல இருந்து வருது?”

சங்கத்தார் அனைவரும் அந்த நீரோட்டத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து மேலே வந்தார்கள். வாண்டாவின் பார்வை லீலண்டின் காலணிகளில் வந்து நின்றது. அவை கணுக்கால்வரை பச்சையாயிருந்தன. அவர் ஒரு காலை மற்றொரு காலுக்குப் பின்னால் மறைக்க முயன்றார். இரண்டும் பச்சையாயிருக்கையில் எதை எதன்பின்னே மறைப்பது?

“இந்த வீட்டுல இருந்துதாங்க வருது,” என்றது ஒரு குரல்.

பர்ரகான் தம் பழைய வீட்டைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

“இங்க மண்ணுக்கடியில ஒரு பழைய குழாய் ஓடுது. சமயத்துல இப்படித்தான் இந்த வீட்டுச் சாயத்தோட பக்கத்து வீட்டுத் தெளிப்பான்ல போய்ப் பீச்சும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மார்லா.

“நான்தான் இங்க இருந்தேன்.”

 குல்லா அணிந்த ஒருவர் சிரித்தார். “அட! அப்ப புல்லைச் சாகவிட்ட புண்ணியவான் நீதானா?”

“ஆமாங்க. நான்தான்.”

கூட்டம் சிரித்தது. ஒன்றிரண்டு சங்கத்தாரும் அதனுடன் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை லீலண்ட் அடையாளம் கண்டுகொண்டார். கூட்டத்தில் எழுந்த அதே சிரிப்பு. தாம் பிழைத்துக்கொண்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. எவர் தலையில் கால்வைத்துப் பிழைத்தோம் என்பதும் புரிந்தது. ‘இல்லை’ என்ற ஒரே ஒரு சொல் போதும்.  பர்ரகான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் ஓடும் பச்சை நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். லீலண்ட் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கதவு திறந்தது. ஒடெட் ரொட்டித் தட்டுடன் வெளியே வந்தாள்.

“அடக் கடவுளே, தண்ணி ரோடு வரைக்கும் வந்துடுச்சா! மன்னிச்சிடுங்க, நான்தான் திறந்துவிட்டேன். பாவம் லீ, விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஊர்ப் புல்லை எல்லாம் பார்க்கிறான், நம்ம புல்லை மறந்துட்டானேன்னு... ஏன் பச்சையா இருக்கு?” அப்போதுதான் அவள் ஓட்டுநரைக் கண்டாள். முகம் மலர்ந்தது. “ரெஃபூஹியோ! பசங்க எப்படி இருக்காங்க? முதல் துண்டு உங்களுக்குத்தான், எடுத்துக்கங்க. லீ, இவர்கிட்ட பேசினியா?”

புதுவகை உரம் என்று சொல்லலாம். அந்தப் பொய் முழுவதுமாக உருவாகி லீலண்டின் நாக்கில் இருந்தது. ஒடெட் நம்புவாள். எப்போதும் நம்பினாள். அவள் நம்பிவிடுவாள் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாயிற்று.

“அவர் வீட்டுத் தண்ணி இல்ல,” என்றார்.  “நம்ம வீட்டுதுதான். சாயம் அடிச்சது நான். நம்ம வீடும் போயிடுச்சு, ஒடெட். கோர்ட் வாசல்ல ஏலம் போட்டாங்க. யாரும் கேக்கல. வங்கியே எடுத்துக்கிச்சு.”

ஒலிபெருக்கியை இறக்கிய மார்லாவின் கை, பழக்கத்தால் பேனாவைத் தேடியது. “அப்ப அடுத்த பட்டியல்ல வரும். எத்தனை படுக்கையறை?” என்று கேட்டேவிட்டாள்.

“மூணு,” என்றாள் ஒடெட்.

பிறகுதான் அவள் கணவனைப் பார்த்தாள். “என்னிக்கு ஏலம்?”

“வியாழக்கிழமை.”

“நான் சூப் வெச்ச அன்னிக்கா?”

“ஆமா.”

“ரெண்டு கிண்ணம் சாப்பிட்டே.”

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குமுன் வீடு ஏலம் போனதுகூடச் சிறிதாகிவிட்டது. ஒடெட் தட்டை வாண்டாவின் கையில் கொடுத்தாள். சுழலும் நீருக்குள்ளேயே நேராக நடந்து போய், மூலையிலிருந்த குழாயை மூடினாள். வெளுத்த புல்மேல் அவளுடைய செருப்புத்தடம் பச்சையாக விழுந்தது. யாரையும் பாராமல் உள்ளே போனாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வாங்க வந்தவர்கள் அவசர அவசரமாக வண்டியில் ஏறினார்கள். அந்தத் தெருவில் மேற்கொண்டு வீடு பார்க்க யாரும் விரும்பவில்லை. சங்கத்தார் ஒவ்வொருவராகத் தத்தம் கதவுகளுக்குப் பின்னால் மறைந்தார்கள். வாண்டா மட்டும் ரொட்டித் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

லீலண்ட் ஓட்டுநர் சன்னலருகே போனார்.

“பர்ரகான், அன்னிக்கு உங்களை நான்...”

“அதை இங்க சொல்லாதீங்க, தலைவரே.”

“மன்னிப்புக் கேக்கத்தான்...”

“தெரியுது. நீங்க பேசினது கூட்டத்துல. எல்லாரும் கேட்டாங்க. என் மூத்த பையனும் பின்வரிசையில உக்காந்திருந்தான், உங்களுக்குத் தெரியாது.” பர்ரகான் வண்டிச் சாவியைத் திருகினார். “அடுத்த கூட்டம் என்னிக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

“அங்க சொல்லுங்க. நான் பையனைக் கூட்டிட்டு வர்றேன்.”

“சரி, அப்புறம் எதுக்கு எனக்காகப் பொய் சொன்னீங்க?”

பர்ரகான் அவருடைய வீட்டுக்கதவைப் பார்த்தார். “ஒடெட் உள்ள இருக்கான்னு தெரியும்,” என்றார். “எங்க வீட்டுக்காரி அழுதப்ப அவதான் வந்து சாமான் கட்டிக்கொடுத்தா. நீங்க கூட்டத்துல இருந்தீங்க.”

பேருந்து நகர்ந்தது. நனைந்த சக்கரங்கள் சாயம் பூசப்பட்ட வீடுகளையெல்லாம் கடந்து, தெருமுனைவரை இரண்டு பச்சைக் கோடுகளை இழுத்துக்கொண்டே போயின.

லீலண்ட் வாசற்படிக்கு வந்தார். குனிந்து காலணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். வீட்டுத்தரை முழுதும் பால்நிறக் கம்பளம் ஒட்டிய நாள்முதல், வருகிற ஒவ்வொருவரையும் அங்கேயே காலணிகளைக் கழற்ற வைத்தவர் அவர்.

“கழட்டாதே, அப்படியே வா,” என்றாள் ஒடெட் உள்ளிருந்து. அவள் செருப்புகளும் அவள் காலிலேயே இருந்தன. கூடத்தின் குறுக்கே சமையலறைவரை பச்சைத் தடங்கள் போயிருந்தன. “கம்பளம் இப்ப நம்மளுது இல்லையே.”

முடிச்சைப் பிடித்த விரல்கள் அப்படியே நின்றன. உள்ளே போகவும் கழற்றவும் துணிவின்றி, அவர் படியிலேயே குனிந்தபடி இருந்தார்.