வராதவனின் வீரன்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் பூதம் கொன்றுகொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கியாயிற்று. காகிதமும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகக் குகைக்குள் போவார்கள், வெட்டு விழுந்ததா தப்பித்ததா என்பதைப் பகடை சொல்லும். நடத்துபவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர் உயிரைக் கம்பியில் தொங்கவிட்டுப் பிழைப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலைதான்.

கடைக்காரருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். விதிப் புத்தகத்தில் ஒரு சந்து கிடைத்தால் போதும், அதில் லாரியே ஓட்டிவிடுவார். மூன்றாமவன் மெக்கானிக்கின் மச்சான், பேக்கரி வைத்திருப்பவன், கடைசியாகப் பேசியவர் யாரோ அவருக்குத் தலையாட்டுவான். நாலாவது நாற்காலி தடியனுடையது. துடைப்பக்குச்சி மாதிரி இருந்ததால் தடியன். சில மாதம் முன்பு மழையில் வேன் கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவனுடைய வீரன் மட்டும் மேஜையில் நின்றான், கட்டைவிரல் உயரத்தில் கேடயம் பிடித்த ஈயப் பொம்மை. புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ஆட்டத்துக்கு வராதவரின் வீரனும் கூட்டத்தோடு போவான், அவனுக்கு எந்தத் தீங்கும் நேராது. காய்ச்சல், கல்யாணம் என்று ஒரு வாரம் நின்றுபோகிறவனுக்காக எழுதியது. இனி வரவே போகாதவனுக்கும் அது பொருந்துமா? ஏன் வரவில்லை என்று புத்தகமே கேட்கவில்லை, நாம் எதற்குக் கேட்கணும் என்று வக்கீல் வாதாடினார். பொருந்தாது என்று சொன்னால் மெக்கானிக் அந்தப் பொம்மையை எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். அவருக்குக் கை வரவில்லை. பொருந்தும் என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அசிங்கம் ஆரம்பித்தது. அடிபடாத ஒருத்தன் கூட இருந்தால் யார் சும்மா விடுவார்கள்? எந்தக் கதவானாலும் முதலில் தடியனைத் தள்ளிவிட்டார்கள். விஷ அம்பு, நெருப்பு, இடிந்து விழும் கூரை, எல்லாம் அவன் தலையில். இவர்கள் பின்னாலேயே போய் நோகாமல் புதையல் பொறுக்கினார்கள். மெக்கானிக்குக்குக் கொஞ்சமும் மனசு கேட்கவில்லை. ஆனால் தீர்ப்பு சொன்ன வாயால் வேறென்ன பேசுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தடியனின் மனைவி ஷட்டருக்கடியில் குனிந்து வந்தாள். அவனுடைய பகடைப் பையை வாங்கிப்போக வந்தவள். உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே பார்த்தாள். ஆட்டம் ஒரு இரும்புக் கதவின் முன் நின்றிருந்தது. மச்சான் பழக்கதோஷத்தில் அந்தப் பொம்மையை ஒற்றை விரலால் முன்னே தள்ளினான். ஏன் அவரே முதலில் போகிறார் என்று கேட்டாள். வக்கீல் விதியை விளக்கத் தொடங்கினார், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. அவள் புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் தானே படித்தாள். காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன். இனி அவர் வராதவர் இல்ல. கதவைத் திறக்கிறார். உருட்டுங்கண்ணே."

கதவுக்குப் பின்னால் ஈட்டிப் பொறி இருப்பது மெக்கானிக்குக்குத் தெரியும். ஒன்பதைத் தாண்டினால் ஈட்டி நேராக மார்பில். மற்றவர் பார்க்காதபடி நிறுத்தியிருந்த அட்டைக்குப் பின்னால் உருட்டினார். பதினொன்று விழுந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, தப்பிச்சுட்டான்" என்றார்.

அவள் அட்டையைத் தொடவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயும் நீங்கதான் வெளிய வந்து ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. நம்பி வீட்டுக்குப் போய்ப் புள்ளைக்குச் சாப்பாடு குடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள முகத்தை மூடியிருந்தாங்க. இன்னிக்காவது உள்ளதைச் சொல்லுங்கண்ணே."

மெக்கானிக் அன்றைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார். அட்டையைத் தானே மடக்கிக் கீழே வைத்தார்.

"செத்துட்டான்மா."

இத்தனை மாதத்தில் மூவரில் ஒருத்தர் வாயிலும் வராத வார்த்தை. சொல்லிவிட்டு அவர் அழுதார், மச்சான் பார்க்கிறானே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார்.

அவள் பொம்மையை மெதுவாகப் படுக்கவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது, பொறி இன்னும் உள்ளேதான் இருந்தது, அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

"சரி" என்றாள். "இப்ப யாரு முன்னாடி போறீங்க?"

மச்சான் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தன் பொம்மையைக் கையால் மூடிக்கொண்டார்.