எந்தப் பக்கம் நின்று பார்த்தால் வலது?

கதவுப் பட்டறைக்காரருக்கு வெண்கலம் என்ற பெயர் அவருடைய தொண்டையால் வந்தது. ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் பேசுவார். எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு சொல் பிசகாமல் கேட்கும். முப்பது வருஷத் தொழிலை வாயாலேயே நடத்தியவர்.

அவருடைய தங்கை ஒரு கப்பல் கம்பெனியில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பட்டறை ஆபீஸைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அண்ணன் போனை வைத்த கையோடு அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிடுவாள். அளவு, மரம், தேதி என்று பேசியதை எல்லாம் எழுதி, பேசியவருக்கே ஈமெயில் அனுப்புவாள்.

"இப்பத்தானே பேசி முடிச்சேன். அதையே திருப்பி எழுதினா, நமக்குக் காது கேக்காதுன்னுல்ல நினைப்பாங்க?"

"நினைச்சா நினைக்கட்டும்ணா. தப்பா இருந்தா சொல்லிடுவாங்க இல்ல?"

புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நாற்பத்தெட்டு கதவு கேட்டு இன்ஜினியரம்மா போன் செய்தார். எல்லாக் கதவுக்கும் கீல் வலது பக்கம் வர வேண்டும் என்றார். "வலதுதானே, வந்துரும்" என்று வெண்கலம் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார்.

அண்ணன் எப்போதும் கதவுக்கு வெளியே நின்றுதான் வலது இடது சொல்வார் என்பது தங்கைக்குத் தெரியும். ஒரு சின்னப் படம் வரைந்து, "வராந்தாவில் நின்று பார்த்தால் கீல் வலது பக்கம். சரிதானே?" என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை பதில் வந்தது. "இல்லை. நான் அறைக்குள் நின்று பார்த்துச் சொன்னேன். உங்கள் படத்தில் உள்ளபடி செய்தால் கதவு கட்டிலில் இடிக்கும். தயவுசெய்து நிறுத்துங்கள்."

அதற்குள் மூன்று கதவுகளில் கீலுக்குப் பள்ளம் வெட்டியாகிவிட்டது. தங்கை ரம்பத்தை நிறுத்தச் சொல்லி, அண்ணனை அழைத்து வந்து திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று தடவை படித்தார்.

"அந்தம்மா வலதுன்னுதாம்மா சொன்னாங்க."

"ஆமாண்ணா. நீங்களும் வலதுன்னுதான் சொன்னீங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல."

வெண்கலத்துக்குப் பழைய சண்டை ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கட்டட மேஸ்திரியோடு ஜன்னல் உயரத்தைப் பற்றி வாய்த் தகராறு. நீ சொன்னாய், நான் சொல்லவில்லை என்று முற்றி, பிறகு முகத்தில் முழிப்பதே நின்றுபோனது. அந்த மனிதரும் பொய் சொல்லியிருக்க மாட்டாரோ என்று இப்போதுதான் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. இதைப்போல நாலு வரி அன்று இருந்திருந்தால் அரை மணியில் தீர்ந்திருக்கும்.

மூன்று கதவையும் ஓரமாக வைத்துவிட்டு, நாற்பத்தெட்டையும் சரியாகச் செய்தார்கள். பாதி வேலையில் இன்ஜினியரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கேட்ட அத்தனைக்கும் தங்கை பழைய ஈமெயில்களை அப்படியே அனுப்பிவைத்தாள். அவரிடமிருந்து மறு கேள்வி வரவில்லை. எல்லாக் கதவும் கட்டிலைத் தொடாமல் திறந்தன.

அடுத்த வாரம் வெண்கலம் தங்கை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மேஸ்திரிக்கு ஒண்ணு எழுதணும். போன்ல பேசினா மறுபடியும் கத்திடுவேன்."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இரண்டு தடவை எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். கடைசியில் ஒரே வரி மிஞ்சியது: "அன்றைக்கு நீங்கள் சொன்னதும் சரியாக இருந்திருக்கலாம்."

"அனுப்பட்டுமாண்ணா?"

"இரு, இன்னொரு தடவை படிச்சுக்கறேன். போன்ல இந்த வசதி இல்ல பாரு."

இரண்டு நாள் கழித்து மேஸ்திரியிடமிருந்து பதில் வந்தது. பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு ஜன்னல் வேண்டும் என்று எழுதி, உயரத்தைத் தரையிலிருந்து அளந்து காட்டும் படமும் இணைத்திருந்தார்.